கூடு யாருடையது?

சனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்காமல் திரும்ப முடியாது. பதினோரு மணி வெயிலில் பள்ளிப் பேருந்து வந்து நிற்கும். ஐம்பது அறுபது பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக் கரைமேல் நடப்பார்கள். முன்னால் ஓர் ஆசிரியர், பின்னால் ஓர் ஆசிரியை. ஏரிக்குள் நிற்கும் மரமெல்லாம் வெள்ளையும் கறுப்புமாகப் பறவைகள். யாராவது ஒரு பையன் கேட்பான்: "சார், இதெல்லாம் எங்கேயிருந்து வருது?" சார் சொல்வார்: "ஆஸ்திரேலியா, சைபீரியாவுலேருந்துடா. அங்க குளிர் தாங்காம இங்க வந்து முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு, திரும்பப் போயிடும்." பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். சிலர் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பார்வைக் கோபுரத்தின் மேல் ஒரு குழுப்படம், கீழே வந்து புளியோதரைப் பொட்டலம், ஒரு மணிக்குப் பேருந்து கிளம்பிவிடும்.

சார் சொன்ன பதில் தவறு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அவருடைய சார் சொன்னது அது. ஒவ்வோர் ஆண்டும் மழை பிடித்ததும் "வெளிநாட்டுப் பறவைகள் வரத் தொடங்கின" என்று நாளிதழ்கள் எழுதுவதும் அதுதான். பறவைகளுக்கு வெளிநாட்டு விலாசம் கொடுத்தால்தான் நமக்கு அவற்றின்மீது மதிப்பு வருகிறது போலும்.

பள்ளிப் பிள்ளைகளைச் சரணாலயத்துக்கு அழைத்துப்போகும் இயற்கைக் கல்வித் திட்டங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, இந்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று தோன்றியது. இத்தகைய திட்டம் எதற்கு, அது எப்படி இருக்க வேண்டும், சுற்றுலாவிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்ற எல்லாக் கேள்விக்கும் இந்தத் தவற்றுக்குள்ளேயே விடை இருக்கிறது. முதலில் பறவைகளின் கணக்கை நேர் செய்துகொள்வோம்.

வேடந்தாங்கலுக்கு மழைக்காலத்தை ஒட்டி வரும் பறவைகள் இரண்டு வகை. ஒரு வகை, மரத்தில் கூடு கட்டுபவை: நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம், கொக்கு வகைகள். நாம் வியந்து பார்க்கும் பெருங்கூட்டம் இவைதான். இவை எதுவும் கடல் கடந்து வந்து இங்கே முட்டையிடுவதில்லை. இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள் இவை. எங்கே நீர் நிற்கிறதோ, எங்கே மீனும் நத்தையும் பெருகுகிறதோ அங்கே போகும்; வற்றினால் வேறிடம் பார்க்கும். நெடுந்தூரம் போகத் தெரியாதவை என்றும் சொல்ல முடியாது. இராசத்தானின் பரத்பூரில் காலில் வளையம் மாட்டிவிட்ட நத்தைகுத்தி நாரை ஒன்று கிழக்கே ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்திருக்கிறது. என்றாலும் அதுவும் வீட்டுக்குள்ளேயே அறை மாறுவது மாதிரிதான்.

இரண்டாம் வகை, உண்மையாகவே வலசை வருபவை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, பலவகை உள்ளான்கள். நீலச்சிறகி என்ற சிறிய வாத்து ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் உள்ள சதுப்புகளில் அங்கத்துக் கோடையில் குஞ்சு பொரிக்கிறது. குளிர் இறுகி நீர்நிலை உறையத் தொடங்குமுன் தெற்கே இறங்கிவிடுகிறது. நம் ஏரிகளுக்கு வருவது சாப்பிட, ஓய்வெடுக்க, உடம்பைத் தேற்றிக்கொள்ள. வெயில் ஏறத் தொடங்கியதும் பிறந்த ஊருக்குத் திரும்பி அங்கேதான் கூடு கட்டும். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தும் அப்படியே. மங்கோலிய, திபெத்திய மேட்டுநிலங்களில் பிறந்து, பனிக்காலத்தைக் கழிக்க மட்டும் திருநெல்வேலிப் பக்கம் வருகிறது.

ஆக, வெளிநாட்டிலிருந்து வருபவை இங்கே கூடு கட்டுவதில்லை. இங்கே கூடு கட்டுபவை வெளிநாட்டிலிருந்து வருவதில்லை. சாரின் பதிலில் இரண்டு கதைகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆஸ்திரேலியா எப்படி உள்ளே வந்தது என்பதுதான் வேடிக்கை. சனவரியில் அங்கே நடுக்கோடை. கிரிக்கெட் பார்க்கும் எந்தப் பையனுக்கும் அது தெரியும். நாம் இங்கே மார்கழிப் பனியில் போர்வைக்குள் இருந்து பார்க்கும் ஆட்டத்தில், அங்கே கூட்டமெல்லாம் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வேர்த்துக்கொண்டிருக்கும். குளிர் தாங்காமல் ஆஸ்திரேலியாவிலிருந்து பறவை வருகிறது என்ற வாக்கியத்தை அந்தப் பையன் கேள்வி கேட்காமல் நோட்டில் எழுதிக்கொள்கிறான் என்றால், தெரிந்த ஒன்றைத் தெரிந்த இன்னொன்றோடு பொருத்திப் பார்க்க நம் வகுப்பறை அவனைப் பழக்கவில்லை என்று பொருள்.

நாரையும் கூழைக்கடாவும் ஏன் இங்கே, ஏன் இந்த மாதங்களில் கூடு கட்டுகின்றன என்பதற்கும் தொலைதூரக் காரணம் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்புகிறது. நீர்க்கடம்பும் கருவேலும் இடுப்பளவு நீரில் நிற்கின்றன. நாயோ நரியோ மனிதனோ எளிதில் நெருங்க முடியாத இடம். சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும் மீன், தவளை, நத்தை பெருகும் சமயம். குஞ்சுகளுக்கு ஓயாமல் இரை கொடுக்க இதைவிட நல்ல காலம் வாய்க்காது. நத்தைகுத்தி நாரை வட இந்தியாவில் சூலை முதல் செப்டம்பர் வரை கூடு கட்டுகிறது, தெற்கிலும் இலங்கையிலும் நவம்பர் முதல் மார்ச் வரை. அங்கே மழை அப்போது, இங்கே மழை இப்போது. பறவை பார்ப்பது பஞ்சாங்கத்தை அன்று, தண்ணீரை.

இனி விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்னதை எல்லாம் ஒரு பலகையில் எழுதி ஏரிக்கரையில் நட்டுவிடலாம். ஆசிரியருக்கு அச்சடித்தும் கொடுத்துவிடலாம். அப்போது பிள்ளைகள் தவறான வாக்கியத்துக்குப் பதிலாகச் சரியான வாக்கியத்தை எழுதிக்கொண்டு அதே ஒரு மணிப் பேருந்தில் திரும்புவார்கள். அதற்காகச் சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் வர வேண்டியதில்லை. ஏரிக்கரை தரக்கூடிய, வகுப்பறை தர முடியாத ஒன்று இருக்கிறது: அந்த விடையைப் பிள்ளையே கண்டுபிடிக்கலாம். எல்லாச் சான்றும் கண்ணெதிரே கிடக்கிறது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கரையில் நிறுத்தி ஒரே கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள்: யார் யாருக்குக் கூடு இருக்கிறது? முக்கால் மணி நேரம் போதும். அலகில் குச்சி தூக்கிக்கொண்டு வரும் பறவை எது, கூட்டைவிட்டு எழாமல் உட்கார்ந்திருப்பது எது, வாய் பிளந்து கத்தும் குஞ்சுக்கு இரை கக்குவது எது என்று ஒரு பக்கம் பட்டியல் நீளும். இன்னொரு பக்கம், கூட்டமாக நீரில் மிதந்துகொண்டும் பகலெல்லாம் தூங்கிக்கொண்டும் இருக்கிற வாத்துகள். அவற்றுக்குக் கூடும் இல்லை, குஞ்சும் இல்லை. "அப்ப இது எங்க சார் முட்டை போடும்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் போதும். சைபீரியா என்ற சொல் வர வேண்டிய தருணம் அதுதான். கேள்வி முளைத்தபின் வரும் விடை தங்கும். வேடந்தாங்கலில் வாத்துகள் சரியாகத் தென்படவில்லை என்றால் பக்கத்திலேயே கரிக்கிலி ஏரி இருக்கிறது. திறந்த நீர்ப்பரப்பு, வாத்தும் உள்ளானும் பார்க்க அதுதான் இடம். இரண்டு ஏரிகளையும் ஒரே காலையில் பார்த்த பிள்ளைக்கு வலசை என்றால் என்ன என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

இதற்கு வேண்டிய ஏற்பாடுகள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஆனால் சுற்றுலாப் பழக்கத்துக்கு நேர் எதிரானவை.

முதலில் நேரம். பறவைகள் பரபரப்பாக இருப்பது விடியலிலும் மாலையிலும். பதினோரு மணிக்கு அவையே நிழல் தேடி ஒடுங்கியிருக்கும். நீர்ப்பரப்பின் கண்கூச்சத்தில் நிறமும் தெரியாது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, படாளம் வழியாக வருகிற பள்ளி ஆறரை மணிக்குக் கரையில் இருக்க வேண்டுமானால் நாலரைக்குக் கிளம்ப வேண்டும். இது பெற்றோர் கூட்டத்தில் எடுபடாத யோசனை என்று தெரியும். அப்படியானால் மூன்றரை மணிக்கு வந்து இருட்டும்வரை இருக்கலாம். கூடடைய வரும் பறவைகளைப் பார்க்க மாலையே தனி அழகு. இரவுப் பறவையான வக்கா, மற்றவை வந்து அடங்கும் வேளையில் வேலைக்குக் கிளம்புவதைப் பார்த்த பிள்ளை, ஷிப்டு முறையைத் தன் அப்பாவின் தொழிற்சாலையோடு ஒப்பிட்டுச் சிரிக்கும்.

அடுத்தது எண்ணிக்கை. அறுபது பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி என்பது ஊர்வலம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்றால் பாடம். ஆளுக்கொரு பைனாகுலர் கிடைக்காதே என்று கவலை வேண்டாம். இரண்டு பேருக்கு ஒன்று இருப்பதுதான் உண்மையில் நல்லது. ஒருத்தி பார்த்துச் சொல்ல, இன்னொருத்தி எழுத வேண்டும். "மூக்கு மஞ்சளா இருக்கு", "எந்த மஞ்சள், எலுமிச்சையா, மாம்பழமா?" என்று அவர்களுக்குள் நடக்கிற பேச்சில்தான் பார்வை கூர்மைப்படுகிறது. ஐந்து நிமிடத்தில் கை மாற வேண்டும். எழுதும் நோட்டில் படமும் போடலாம். வாத்து வாத்தாக இல்லாமல் செருப்புப் போல வந்தாலும் பரவாயில்லை. வரைவதற்கென்று பார்க்கும் கண் வெறுமனே பார்க்கும் கண்ணைவிட நிதானமானது.

எண்ணுவதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு மரத்தில் ஆயிரம் பறவை என்று வாய்க்கு வந்ததைச் சொல்வது நம் வழக்கம். பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்து, அப்படி எத்தனை பத்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கணக்கு ஆசிரியர் இதற்காகவே கூட வரலாம். இரண்டு குழுக்கள் ஒரே மரத்தை எண்ணி, ஒன்று 140 என்றும் மற்றது 210 என்றும் சொன்னால் யார் சரி என்ற சண்டை வரும். வரட்டும். அளவீடு என்றால் பிழையும் சேர்ந்ததே என்று பாடப்புத்தகத்தில் எத்தனையோ பக்கம் படித்தும் ஏறாத விஷயம், இந்தச் சண்டையில் ஏறிவிடும்.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பறவைப் பெயரை ஒப்பிப்பதே இயற்கைக் கல்வி என்று நினைக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். பெயரே வேண்டாம், அனுபவம் போதும் என்று சொல்லும் இன்னொரு சாராரும் இருக்கிறார்கள். நமக்கு இந்தத் தகராறு தேவையே இல்லை. தமிழில் பறவைப் பெயர் என்பதே ஒரு குறிப்பு. கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், ஊசிவால், பாம்புத்தாரா: பார்த்தவன் வைத்த பெயர்கள் இவை. பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு நீருக்குள் மூழ்கி, கழுத்து மட்டும் பாம்புபோல் வெளியே நெளியும். ஆகவே பெயரை முதலில் சொல்லாதீர்கள். பிள்ளைகளையே ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். "கரண்டிமூக்கு" என்று ஒருத்தி வைத்துவிட்டு, ஊர்ப்பெயரும் ஏறக்குறைய அதேதான் என்று தெரிந்துகொள்ளும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பெயர் வைத்த அந்த முன்னோரின் வரிசையில் அவளும் போய் நின்றுவிட்டாள்.

நத்தைகுத்தி நாரை இதில் தனியாக அரைமணி நேரம் செலவிடத் தகுந்தது. அதன் இரண்டு அலகும் நுனியில் சேரும், நடுவில் சேராது. பாக்குவெட்டியை முழுக்க மூடாமல் விட்டதுபோல் ஓர் இடைவெளி. நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை எடுக்கும் தொழிலோடு அந்த அலகு பொருந்தியிருக்கிறது. ஆனால் அதன் குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் வரும். இதைச் சொல்லிவிடாமல், "பெரிய பறவையின் மூக்கையும் கூட்டிலிருக்கும் குஞ்சின் மூக்கையும் வரைந்துகொண்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பத்துக்கு மூன்று பிள்ளைகளாவது கண்டுபிடித்துக்கொண்டு ஓடிவரும். ஓடி வரக்கூடாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

ஏன் ஓடக்கூடாது, ஏன் கத்தக்கூடாது? சரணாலயப் பலகை "அமைதி காக்கவும்" என்று மட்டும் சொல்கிறது. நூலகத்திலும் மருத்துவமனையிலும் அதே பலகையைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இது இன்னொரு கட்டளை, அவ்வளவுதான். காரணத்தைச் சொன்னால் நிலைமை மாறுகிறது. கூட்டமாகக் கூடு கட்டும் பறவை மிரண்டு எழுந்தால் முட்டை திறந்து கிடக்கும். காகமும் பருந்தும் அந்த நொடிக்காகவே காத்திருக்கின்றன. இறகு முளைக்காத குஞ்சு சிறிது நேரம் நேர் வெயிலில் கிடந்தாலே துவண்டுவிடும். தாய் சிறகை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டு நிற்பதைப் பைனாகுலரில் காட்ட முடியும். காட்டிவிட்டால், அதட்ட வேண்டிய தேவை ஆசிரியருக்கு இல்லை. பிள்ளைகளே ஒருவர் வாயை ஒருவர் பொத்துவார்கள்.

யார் கூடு என்ற முதல் கேள்விக்கு அடுத்ததாக இன்னொன்றைச் சேர்க்க வேண்டும்: பறவைகள் எந்தத் திசையில் போகின்றன, எந்தத் திசையிலிருந்து வருகின்றன? ஒரு திசைகாட்டியும் நோட்டும் போதும். பிள்ளைகளை நான்கு மூலையில் நிறுத்திக் காலை ஒரு மணி நேரம் குறிக்கச் சொன்னால், பறவைகள் ஏரியைவிட்டு வெளியே போய்க்கொண்டே இருப்பது தெரியவரும். அலகில் இரையோடு அவை வெளியிலிருந்துதான் திரும்புகின்றன. ஏன்? வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். ஆயிரக்கணக்கான பறவைக் குடும்பங்களுக்கு அந்த ஒரு ஏரி எப்படிச் சோறு போடும்? வீடு இங்கே, சோறு சுற்றுவட்டாரத்து வயலிலும் ஏரியிலும். நத்தைகுத்தி பக்கத்து நெல்வயலுக்குப் போகிறது. கூழைக்கடா இன்னும் தொலைவில் பெரிய ஏரிகளைத் தேடிப் போகிறது.

இதைப் புரிந்துகொண்ட பிள்ளை, சரணாலயம் வேலிக்குள் முடிவதில்லை என்பதையும் சேர்த்தே புரிந்துகொண்டுவிடுகிறது. 1998-ல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டம் முழுவதையும் சரணாலயமாக அறிவித்ததன் தர்க்கம் அதுதான். 2020-ல் அந்த வட்டத்தை மாற்றியமைக்கும் யோசனை எழுந்தபோது அவ்வளவு எதிர்ப்பு கிளம்பியதும் அதனால்தான். அன்று தொலைக்காட்சி விவாதங்களில் விஷயம் புரியாத பலர் கேட்டது, "ஏரிதான் அப்படியே இருக்கிறதே, சுற்றிலும் எது வந்தால் என்ன?" என்பது. திசைகாட்டியோடு ஒரு மணி நேரம் நின்ற பதின்மூன்று வயதுப் பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்காது.

திசையைப் பின்தொடர்ந்து போனால் பிள்ளைகள் ஊருக்குள் வருவார்கள். வர வேண்டும். வேடந்தாங்கலின் சிறந்த பாடம் கரையிலிருந்து இறங்கி மதகடியில் தொடங்குகிறது. பறவை எச்சம் விழுந்து விழுந்து உரமேறிய தண்ணீர் ஆயக்கட்டு வயலுக்குப் பாய்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த நீர். அதன் அருமை இந்த ஊர் விவசாயிகளுக்கு எந்த வேதியியல் பாடமும் இல்லாமலே தெரிந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் அவை. கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு ஒப்புக்கொண்டு கவுல் என்னும் உரிமைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். மதுராந்தகத்தில் ஏரி உடையவிருந்த மழையிரவில் கரைமேல் வில்லோடு இருவர் காவல் நிற்பதைக் கண்டதாகக் கதை சொல்வார்களே, ஏரிகாத்த ராமர் கோயில் கதையில் வரும் அதே பிளேஸ் துரைதான் இவர். ஏரி மாவட்டத்துக்கு வாய்த்த கலெக்டர். அந்தக் கவுல் பின்னால் 1858-ல் புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் அரசு இந்த ஏரியைப் பறவைகள் சரணாலயமாக ஏற்றது. 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. காகிதங்கள் ஒவ்வொன்றாக வந்துசேரும் முன்பே காவல் நடந்துகொண்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஊர்ப்பெயரை வேடன் தாங்கல் என்று பிரித்துப் பொருள் சொல்வார்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடன் ஏரியில் வேட்டை நின்றுபோன கதையை, ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் வயல் வரப்பில் நின்று சொல்லக் கேட்பதற்கும், விளக்கப்படத்தில் படிப்பதற்கும் உள்ள தூரம் அதிகம். அந்தப் பெரியவரைத் திட்டத்தில் சேர்த்து, அவர் நேரத்துக்கு மரியாதையாக ஒரு தொகையும் கொடுக்க வேண்டும். வந்த இடத்தில் இலவசமாகக் கதை கேட்டுவிட்டுப் போவது முறையில்லை.

அந்த ஊர்ப் பிள்ளைகளையும் மறந்துவிடுகிறோம். சென்னைப் பள்ளிப் பேருந்துகள் கடந்துபோகும் சாலையோர அரசுப் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு எந்த மரத்தில் எது கூடு கட்டும் என்பது பிறந்ததிலிருந்து தெரியும். அவர்களுக்குப் பைனாகுலரும் நோட்டும் பயிற்சியும் கொடுத்தால், வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அவர்களே வழிகாட்டலாம். நகரத்துப் பிள்ளை, தன் வயதுக் கிராமத்துப் பிள்ளையிடம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு நம் கல்வி முறையில் வேறெங்கே இருக்கிறது?

நடைமுறைச் சிக்கல்களைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. தேசிய பசுமைப் படை வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் இதெல்லாம் விழிப்புணர்வுப் பேரணி, ஓவியப் போட்டி, முழக்கம் என்று ஒரு நாள் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது. காரணம் மனமின்மை மட்டும் அன்று, நாட்காட்டியும்தான். பறவைகள் இருப்பது நவம்பரிலிருந்து மார்ச்சு வரை. அதே மாதங்களில்தான் அரையாண்டுத் தேர்வு, திருப்புதல் தேர்வு, முடியாத போர்ஷன். கோடை விடுமுறையில் எல்லோருக்கும் நேரம் இருக்கும், ஏரியில் தண்ணீர் இருக்காது. அரையாண்டு விடுமுறையிலும் பொங்கலுக்கும் போகலாம் என்றால் கரை கொள்ளாத கூட்டம். ஆகவே சனவரி, பிப்ரவரி வார நாளில் ஒரு முழுநாளைப் பள்ளி விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அறிவியல், கணக்கு, புவியியல், தமிழ் நான்கு ஆசிரியரும் அந்த நாளைத் தங்கள் பாடவேளையாக எண்ணினால் இழப்பு ஒன்றுமில்லை. கழிப்பறை, குடிநீர், சக்கர நாற்காலி போகக்கூடிய பாதை ஆகியவற்றையும் முன்னதாக விசாரித்து வைக்க வேண்டும். பெண்பிள்ளைகள் அரைநாள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வருவது பல சுற்றுலாக்களின் வெளியே சொல்லாத உண்மை.

பள்ளி முழுவதையும் ஒரே ஒரு முறை அழைத்துப்போவதைவிட ஒரு வகுப்பை மூன்று முறை அழைத்துப்போவது மேல் என்பது என் எண்ணம். சமத்துவம் இடிக்கும் என்பார்கள். ஆண்டுக்கு ஒரு வகுப்பு என்று முறை வைத்தால், பள்ளியைவிட்டுப் போவதற்குள் எல்லோருக்கும் முறை வந்துவிடும். திரும்பத் திரும்பப் போவதில்தான் சாரம் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு நடையைப் பாருங்கள். முட்டையிடும் பருவத்தில் இரவெல்லாம் மணலில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். ஆமையே தென்படாத இரவுகளும் உண்டு. வெறுங்கையோடு திரும்பிய இரவுகள் இல்லாமல், ஆமையைக் கண்ட இரவின் அருமை தெரியாது.

வேடந்தாங்கல் தொலைவு என்று சொல்லும் பள்ளிகளுக்கு, தூரம் ஒரு தடையே இல்லை. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி இருக்கிறது; பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் அங்கே இருக்கிறார்கள். தெற்கே கூந்தன்குளம், கடலோரம் கோடியக்கரை. அதுவும் இல்லையென்றால் ஊர் ஏரி. அதுவும் தூர்ந்துபோய்விட்டது என்றால் பள்ளி வேப்பமரம். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் வீட்டு மாடியிலிருந்தே பதினைந்து நிமிடம் எண்ணி அனுப்பலாம். சரணாலயத்துக்குப் போகும் முன் ஒரு மாதம் பள்ளி மரத்தில் காகத்தையும் மைனாவையும் பார்த்துக் குறித்துப் பழகிய வகுப்பு, ஏரிக்கரையில் முதல் பத்து நிமிடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். பழகாத வகுப்புக்கு, பைனாகுலரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலேயே அரைமணி போய்விடும்.

மூன்றாம் முறை போவது மார்ச்சுக் கடைசியில் இருக்கட்டும். தண்ணீர் இறங்கி, மரங்களின் அடியில் சேறு தெரியத் தொடங்கியிருக்கும். சனவரியில் நூற்று நாற்பதா இருநூற்றுப் பத்தா என்று சண்டை போட்ட அதே மரத்தில் கூடுகள் பாதி காலி. வாத்துகள் மிதந்த இடத்தில் வாத்துகள் இல்லை. அவை வடக்கே கிளம்பிவிட்டன. கிளை நுனியில் நிற்கும் நத்தைகுத்திகளில் எது இந்த ஆண்டுக் குஞ்சு என்று அலகின் இடைவெளியைப் பார்த்துப் பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள். அதில் ஒன்று எழும்பி, ஒரு வட்டம் அடித்து, வயல்களைத் தாண்டிப் போகும். நோட்டு வைத்திருக்கும் பெண் திசைகாட்டியைப் பார்த்து "தெற்கு, கொஞ்சம் மேற்கு" என்று எழுதிவிட்டு, பைனாகுலர் வைத்திருப்பவளிடம் கேட்பாள்: "இன்னும் தெரியுதாடி?"